பழைய யமஹா தேடிப் போன கதை: ஏஸ் கஃபேயிலிருந்து ஸ்டாஃபோர்ட் வரை

ஞாயிற்றுக்கிழமைகளில் அல்பேர்ட்டன் ஈழபதீஸ்வரர் கோயிலில் பூசை முடிந்து, வாசலில் செருப்பை மாட்டும்போதே என் மகள் கேட்பாள்: "அப்பா, மோட்டார் சைக்கிள் கடைக்குப் போவமா?" அவள் சொல்லும் கடை ஏஸ் கஃபே. கோயிலிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். நோர்த் சேர்க்குலர் வீதியோரம், ஸ்டோன்பிரிட்ஜ் பக்கம் இருக்கிறது. 1938இல் திறந்த சாப்பாட்டுக் கடை. போரில் குண்டு விழுந்து சேதமாகி, 1949இல் திரும்பக் கட்டினார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் லண்டன் இளைஞர்கள் இரவிரவாக மோட்டார் சைக்கிளில் வந்து கூடிய இடம் அது. 1969இல் மூடி, 2001இல் மறுபடி திறந்தார்கள்.

எங்கட ஆட்கள் அந்த வழியால் தினமும் வேலைக்குப் போகிறார்கள். உள்ளே போனவர்கள் குறைவு. ஒருக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தேநீரும் சிப்ஸும் கிடைக்கும். வெளியே நிற்கும் வண்டிகளைச் சும்மா சுற்றிப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வண்டிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் அரை மணித்தியாலம் கதைப்பார்.

போன வருடம் அப்படி ஒரு நாள் பெரியப்பாவும் எங்களோடு வந்திருந்தார். என் அப்பாவின் மூத்த அண்ணன். யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலை செய்தவர், 2003இல்தான் லண்டன் வந்தார். ஆள் அதிகம் கதைக்கமாட்டார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கோப்பையை வைத்துவிட்டு வீதிப் பக்கம் காதைத் திருப்பினார். "உது ரூ ஸ்ரோக்," என்றார். "ரெண்டு சிலிண்டர். இடப்பக்கச் சிலிண்டர் கொஞ்சம் சரியில்லை."

ஒரு நிமிடம் கழித்து வண்டி உள்ளே வந்தது. வெள்ளையும் நீலமும் பூசிய யமஹா ஆர்.டி. 350 எல்.சி.

நான் பதினான்கு வயதில் எங்கள் தெருவில் பார்த்து ஆசைப்பட்ட வண்டி அது. அன்றிரவு நான் மனைவியிடம் விஷயத்தை எடுத்தேன். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு நடந்த எட்டு மாதத்தைப் பற்றியது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பழைய வேக வண்டி ஆசை இருந்தால், நான் அலைந்து கற்றது உதவும்.

எதற்கு இந்த வண்டி?

1980இல் இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின். 47 குதிரைவலு. எடை 140 கிலோ அளவுதான். ஆறாயிரம் சுற்றுக்குக் கீழே சாதுவாக ஓடும், அதற்கு மேலே போனால் ஆளையே விட்டுவிட்டுப் பாயும். அதே வண்டிகளை வைத்து இங்கே இளம் ஓட்டுநர்களுக்குப் போட்டித் தொடர் ஒன்று நடத்தினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. எந்த வண்டி யாருக்கு என்பதைச் சாவியைக் குலுக்கி எடுத்துத் தீர்மானிப்பார்கள்.

சென்னையில் வேர் உள்ள குடும்பங்களுக்கு இதன் முன்னோரைத் தெரிந்திருக்கும். ராஜ்தூத் 350 என்ற பெயரில் எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் செய்தது, காற்றால் குளிரும் பழைய ஆர்.டி. 350. அதற்கு முன்பக்கம் டிஸ்க்குக்குப் பதிலாக ட்ரம் பிரேக்தான் போட்டார்கள். அப்பாவோ மாமாவோ அதைப் பற்றிக் கதை சொல்லாத வீடு குறைவு.

விளங்கவேண்டிய விஷயம் இதுதான்: இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பெடியங்கள். விழுத்தினார்கள், மாற்றினார்கள், களவு கொடுத்தார்கள். நாற்பது வருடம் கழித்து ஒரு வண்டி உங்கள் முன்னால் பளபளவென்று நின்றால், அதற்குள் மூன்று நான்கு வண்டிகளின் துண்டுகள் இருக்கலாம். பழைய வேக வண்டி எதுவாக இருந்தாலும் இதே நிலைமைதான். சாதாரணமாக வேலைக்குப் போய்வந்த வண்டியைவிட இது அதிகம் அடிபட்டிருக்கும்.

மனைவியின் மூன்று நிபந்தனைகள்

எங்கள் வீட்டில் சமையலறையைத் திருத்த என்று சேர்த்த காசு இருந்தது. 8,500 பவுண். அதில்தான் கை வைக்கவேண்டும். மனைவி சண்டை பிடிக்கவில்லை. மூன்று நிபந்தனை போட்டார்.

முதலாவது, லைசென்ஸ். எனக்கு கார் லைசென்ஸ் மட்டும்தான். இங்கே பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்ட முதலில் சி.பி.ரி. என்ற அடிப்படைப் பயிற்சி, பிறகு எழுத்துப் பரீட்சை, அதற்குப் பிறகு இரண்டு செய்முறைப் பரீட்சை. 24 வயது தாண்டியவர்கள் நேரடியாக முழு லைசென்ஸுக்குப் போகலாம். நான் இரண்டாவது செய்முறையில் ஒரு தடவை தவறி, மூன்று மாதம் எடுத்து முடித்தேன். வாங்கிவிட்டுப் பழகலாம் என்று நினைக்காதீர்கள். பயிற்சியில்தான் பலருக்கு இது தனக்குச் சரிவராது என்று தெரியவரும். அப்படித் தெரிந்தால் அதுவும் நல்லதுதான்.

இரண்டாவது, 7,000 பவுணுக்கு மேல் வண்டிக்குக் கொடுக்கக்கூடாது. மிச்சம் 1,500 திருத்த வேலைக்கு. இது நல்ல கணக்கு. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்காவது தனியே வையுங்கள். பழைய வண்டி முதல் வருடத்தில் அதை எப்படியும் கேட்கும்.

மூன்றாவது, தனியப் போகக்கூடாது. "உங்களுக்கு வண்டியைக் கண்டா கண் தெரியாது. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

கென்ட் கரையோரம்

முதல் வண்டி கென்ட் கரையோர ஊர் ஒன்றில். கேட்ட விலை 4,800. படத்தில் வடிவாக இருந்தது. மகளும் வந்தாள். கடல் பார்க்கலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிப்போனோம்.

நாங்கள் போகும்போது மாலை நான்கு மணி. வண்டி வீதியோரம் ஏற்கனவே ஸ்டார்ட்டில் நின்றது. "உங்களுக்காகத்தான் சூடாக்கி வைத்தேன்," என்றார் விற்பவர். நான் சந்தோசப்பட்டேன். பெரியப்பா என் காதுக்குள் சொன்னார்: "சூடாக்கி வச்சவன் எதையோ மறைக்கிறான். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும்."

இது முக்கியமான பாடம். போக முன்னமே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணவேண்டும் என்று. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். இந்த வண்டியில் மின் ஸ்டார்ட் கிடையாது, காலால் உதைக்கவேண்டும். குளிரில் இரண்டு மூன்று உதையில் பிடித்தால் நல்ல அறிகுறி.

பிறகு பெரியப்பா தன் சட்டைப் பையிலிருந்து சின்ன ரோச் லைட்டை எடுத்தார். முன்பக்கம் போய், கைபிடி திரும்பும் கழுத்தில் ஃபிரேம் நம்பரைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டினார். முதல் எழுத்துகள் ஒரு வரியில் இருந்தன. கடைசி மூன்று இலக்கம் கொஞ்சம் கீழே இறங்கி, ஆழமாக, வேறு அச்சில் இருந்தன. அந்த இடத்தில் மட்டும் பெயின்ற் தடிப்பு.

எல்.சி. 350இல் நம்பர் 4எல்0 என்று தொடங்கும். 4எல்1 என்றால் அது 250. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஃபிரேம் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒன்றாகவே இருக்கும். வெளியிலிருந்தே பார்க்க இன்னொரு வழி: 350க்கு முன்னால் இரண்டு டிஸ்க், 250க்கு ஒன்று. ஆனால் டிஸ்க்கை மாற்றலாம் என்பதால் நம்பரைத்தான் நம்பவேண்டும். நம்பர் பொருந்தாவிட்டால் களவு வண்டி என்று அர்த்தமில்லை, எஞ்சின் மாற்றியிருக்கலாம். விலை குறையும், அவ்வளவுதான். ஆனால் ஃபிரேம் நம்பரையே யாரோ திரும்ப அடித்திருந்தால், அங்கே நிற்கக்கூடாது.

பதிவுப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது, புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், வந்ததும் தபாலில் அனுப்புகிறேன் என்றார். இன்னும் இரண்டு பேர் நாளைக்கு வருகிறார்கள், 500 பவுண் முற்பணம் தந்தால் வைத்திருப்பேன் என்றார்.

நான் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நம்பரைக் கண்ணால் பார்த்த பிறகும், வங்கிச் செயலியைத் திறந்துவிட்டேன். விலை அவ்வளவு குறைவு. ஆசை அவ்வளவு அதிகம்.

பெரியப்பா என் கையைப் பிடித்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, சைக்கிள் இல்லாமல் புத்தகம் மட்டும் வச்சிருக்கிறவன் நான். புத்தகம் இல்லாமல் சைக்கிள் வாங்காதை."

எனக்கு விளங்கவில்லை. ஆனால் தொலைபேசியைப் பைக்குள் வைத்தேன். விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

சிப்ஸ் சாப்பிட்டபடி

மகள்தான் கேட்டாள். "அப்பப்பா, என்ன புத்தகம்?"

நான் இருபது வருடமாக அவரிடம் கேட்காத கேள்வி. அவள் ஆங்கிலமும் தமிழும் கலந்து கேட்க, அவர் மெதுவாகத் தமிழில் சொன்னார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது, தடை. போத்தலில் களவாக வருவது தங்கவிலை. அதனால் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பின்னால் புகை மண்டும். பெரியப்பாவின் கராஜில் முழுநாளும் இதே வேலை. அந்தப் புகையையும் சத்தத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் அவர் காது அப்படி ஆனது.

அவருடைய சொந்த வண்டி ஹொண்டா சி.டி. 125. 1995 ஐப்பசி கடைசியில் ஊரே வெளிக்கிட்டது. ஒரே இரவில் இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. மழை. பெரியம்மாவை வண்டியில் இருத்தி உருட்டிக்கொண்டு போனவர், ஒரு கட்டத்தில் உருட்டவும் முடியாமல், வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார். பெட்டிக்குள் இருந்த பதிவுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து எடுக்கலாம் என்று.

"அப்ப, எடுத்தீங்களா?" என்று கேட்டாள் மகள்.

"இல்லைப் பிள்ளை."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அவள் தன் சிப்ஸில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

கடதாசிகளைப் பற்றி

இங்கிலாந்தில் வாங்குபவர்கள் கவனிக்க. பதிவுப் புத்தகம், அதாவது வி5சி, சொந்தக்காரர் யார் என்பதற்கு ஆதாரம் அல்ல. வண்டிக்குப் பொறுப்பானவர் யார் என்றுதான் அது சொல்லும். அதனால் விற்பவரின் பெயரும் வீட்டு விலாசமும் அதில் இருப்பதோடு பொருந்துகிறதா, நீங்கள் அந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறீர்களா என்று பாருங்கள். கையெழுத்திட்ட பற்றுச்சீட்டும் வாங்குங்கள். 2005க்குப் பிந்தைய எம்.ஓ.ரி. சோதனை வரலாற்றை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் ஓடிய மைல் ஏறிக்கொண்டு போகிறதா, திடீரென இறங்குகிறதா என்று அதில் தெரியும். களவு, கடன் பாக்கி, விபத்து விவரங்களுக்குச் சிறிய கட்டணத்தில் தனியார் சோதனை உண்டு. சோம்பல் படாதீர்கள்.

40 வருடம் தாண்டிய வண்டியைச் சரித்திர வகைக்கு மாற்றலாம். வீதி வரி இல்லை, ஆனாலும் வருடாவருடம் பதியவேண்டும். லண்டன் யூலெஸ் கட்டணமும் இல்லை. பெரிய மாற்றம் செய்யாத வண்டியென்றால் எம்.ஓ.ரி. கட்டாயமில்லை. ஆனால் நான் செய்விக்கிறேன். பிரேக்கை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. வேறு நாடுகளில் விதி வேறு. காசு கொடுக்க முன் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள்.

காப்புறுதியில் "ஒப்புக்கொண்ட பெறுமதி" என்று கேட்டு எடுங்கள். இல்லாவிட்டால் வண்டி களவு போனால், கணக்குப் பார்த்துச் சொற்பத் தொகைதான் தருவார்கள்.

ஸ்டாஃபோர்ட் சந்தை

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ஸ்டாஃபோர்ட்ஷயர் கண்காட்சித் திடலில் பழைய மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். லண்டனிலிருந்து எம்1, எம்6 வழியாக இரண்டரை, மூன்று மணித்தியாலம். ஏலமும் நடக்கும். மண்டபங்களுக்குள் கழகங்கள் தங்கள் வண்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். வெளியே பழைய பாகச் சந்தை. சாக்கு விரித்து, அதன் மேல் கார்புரேற்றர், சைலென்சர், பல்சக்கரம், பெற்றோல் தாங்கி. நம் ஊர்த் திருவிழாவில் வளையல் கடை பார்ப்பதுபோல் பெரியப்பா ஒவ்வொரு விரிப்பாகக் குந்தியிருந்து பார்த்தார். மொழி தெரியாமலே ஒரு வெள்ளைக்காரக் கிழவரோடு பிஸ்டன் ஒன்றை மாறி மாறிக் கையில் உருட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாங்க முதல் இப்படி ஒரு சந்தைக்குப் போவது நல்லது. இரண்டு காரணம். ஒன்று, ஒறிஜினல் எப்படி இருக்கும் என்று கண் பழகும். இரண்டாவது, பாக விலை தெரியும். பழைய ஒறிஜினல் சைலென்சர் ஒரு சோடிக்கு ஒருவர் சொன்ன விலையைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு வண்டியில் சைலென்சரும் பக்க மூடிகளும் மீற்றரும் இல்லாவிட்டால், அது மலிவான வண்டி அல்ல.

அங்கே கழக மேசையில் கதைத்தபோதுதான் இரண்டாவது வண்டியின் செய்தி கிடைத்தது. ஸ்டாஃபோர்டுக்கு வடக்கே, லீக் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். 1982 வண்டி. முழங்கால் சத்திரசிகிச்சை, இனி உதைக்க முடியாது.

குளிர்ந்த எஞ்சின்

அடுத்த சனிக்கிழமை காலை. கல்மதில்கள், செம்மறிகள், மழைத் தூறல். எஞ்சின் ஐஸ்போல் இருந்தது. பதிவுப் புத்தகமும் பழைய சோதனைச் சான்றுகளும் பற்றுச்சீட்டுகளும் ஒரு தடித்த கோப்புக்குள். நம்பர் இரண்டும் ஒன்று.

பெரியப்பா பார்த்த ஒழுங்கை அப்படியே தருகிறேன்.

பெற்றோல் தாங்கியைத் திறந்து ரோச் அடித்தார், உள்ளே துரு இருக்கிறதா என்று. இப்போது சாதாரணப் பெற்றோலில் எதனோல் பத்து வீதம் வரை கலந்திருக்கும். அது பழைய இறப்பர்க் குழாய்களைப் பழுதாக்கும், ஈரத்தையும் இழுக்கும். பழைய வண்டிக்கு ஈ5 பெற்றோல் அடியுங்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி, கைபிடியை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பினார். நடுவில் தடக்கினால் கழுத்துப் பேரிங் தேய்ந்துவிட்டது. முன் ஃபோர்க் குழாய்களில் விரலை ஓட்டினார். சொரசொரப்பும் துருப்புள்ளியும் எண்ணெய்ச் சீலைக் கிழிக்கும். எங்களுடையதில் இடப்பக்கம் புள்ளிகள் இருந்தன.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2308 என்றால் 2008ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ தேயாமல் இருந்தாலும் பழைய இறப்பர் ஈர வீதியில் பிடிக்காது. இந்த வண்டியின் ரயர்கள் பதினைந்து வருடப் பழசு. மாற்றவேண்டும்.

எண்ணெய்ப் பம்பை மூடியைக் கழற்றிப் பார்த்தார். ரூ ஸ்ரோக்கில் எண்ணெய் பெற்றோலோடு சேர்ந்து எரிந்துதான் எஞ்சினைக் காக்கும். அதற்கென்று தனித் தாங்கியும் பம்பும் உண்டு. முறுக்கும்போது பம்பும் சேர்ந்து திறக்கவேண்டும். அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் எஞ்சின் இறுகிவிடும். வேகமாகப் போகும்போது இறுகினால் பின்சக்கரமும் பூட்டும். உயிர் விஷயம்.

பிறகுதான் உதைத்தோம். மூன்றாவது உதையில் பிடித்தது. நீலப் புகை எழுந்தது. "உது பரவாயில்லை, குளிர் எண்ணெய். சூடானதும் குறையவேணும்," என்றார். குறைந்தது. சூடான பிறகும் வெள்ளைப் புகை மண்டினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகலாம். நீலப் புகை நிற்காமல், கியர் எண்ணெயும் குறைந்துகொண்டு போனால் கிராங்க் சீல் போய்விட்டது. எஞ்சினைப் பிரித்துத்தான் மாற்றவேண்டும், செலவு பெரிது.

ஆசிரியர் ஓட்டவில்லை, அவர் நண்பர் ஓட்டிக் காட்டினார். நாங்கள் காரில் பின்னால் போனோம். பின்சக்கரம் நேராக ஓடுகிறதா, முறுக்கும்போது புகை எப்படி என்று பின்னாலிருந்து பார்ப்பது நல்ல யோசனை. நாங்கள் ஓட்டுவதானால் நம் பெயரில் காப்புறுதி இருக்கவேண்டும்.

திரும்பி வந்ததும் பெரியப்பா எஞ்சின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மகளும் அவர் பக்கத்தில் போய் அதேமாதிரிக் கண்ணை மூடினாள். "கேக்குதே, பிள்ளை? ரெண்டும் ஒண்டாப் பாடுது," என்றார்.

கேட்ட விலை 7,600. ரயர், ஃபோர்க், செயின் என்று எழுதிக் காட்டினோம். 6,900க்கு முடிந்தது. வாடகை வானில் ஏற்றி, நான்கு பட்டியால் இறுக்கிக் கட்டி, எம்6 வழியாக ஹாரோவுக்குக் கொண்டு வந்தோம். திருத்த வேலைக்கு இதுவரை 1,340 போய்விட்டது. சமையலறை இன்னும் பழையபடிதான். அதை மனைவி நினைவூட்டாத வாரம் இல்லை.

ஒரு மாதம் கழித்து என் பெயரில் புதுப் பதிவுப் புத்தகம் தபாலில் வந்தது. பெரியப்பாவுக்குக் காட்டினேன். வாசித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் உறையோடு திரும்பி வந்தார். மஞ்சளித்து, மழையில் ஊறிக் காய்ந்த கடதாசி. ஹொண்டா சி.டி. 125. அதை என்னிடம் தரவில்லை, மகளிடம் கொடுத்தார். அவள் அதிலிருந்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாகத் தமிழில் வாசித்தாள். ஏழு என்ற இடத்தில் தடக்கினாள். அவர் திருத்தினார்.

இப்போது ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் நான் வண்டியில் போவேன். அவர்கள் மூவரும் காரில் வருவார்கள். ஏஸ் கஃபே வாசலில் எனக்கு முன்னமே வந்து நின்று, பெரியப்பா காதைத் திருப்பி வைத்திருப்பார். போன கிழமை நான் ஹெல்மெற்றைக் கழற்ற முதலே சொன்னார்: "வலப்பக்கக் கார்புரேற்றரை ஒருக்காப் பார்."

பார்த்தேன். ஒரு ஜெற்றில் தூசு அடைத்திருந்தது.